கச்சேரிக்கு நடுவே ஒரு சிரிப்பு

பகல் முழுக்க அடுத்தவர் ஓட்டும் காரில் உட்கார்ந்திருப்பதுதான் அவள் பிழைப்பு. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் வெள்ளைக் கார் அது. பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் இருக்கும். அவற்றின் மேல் காலை வைத்துக்கொண்டு, குரலில் பதற்றம் காட்டாமல், "மெதுவா, மெதுவா. கண்ணாடியப் பாருங்க. அந்தக் கண்ணாடி இல்ல சார், சைடு கண்ணாடி. தலை வாரினது போதும்" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசி ஆளை இறக்கிவிட்ட பிறகுதான் ஸ்டியரிங் அவள் கைக்கு வரும். வண்டியை வீட்டுக்கு எடுத்துப்போய்க் காலையில் கொண்டுவர முதலாளி விட்டிருந்தார்.

அன்று அவளுக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. மதியம் ஒரு வங்கி அதிகாரி அம்மா, ரிவர்ஸ் எடுக்கிறேன் பேர்வழி என்று கேட் தூணில் வண்டியைத் தேய்த்துவிட்டார். திட்டு விழுந்தது இவளுக்கு. வீட்டில் பள்ளி இறுதித் தேர்வுக்குப் படிக்கும் மகள் இரண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். கணவர் வழக்கம்போல எதைக் கேட்டாலும் 'ம்' என்றார். அவருக்குக் கடைவீதியில் மூக்குக் கண்ணாடிக் கடை. நாள் முழுக்க லென்ஸ் தேய்க்கிற இயந்திரத்தின் முன்னால் குனிந்திருந்துவிட்டு வருவார். வீட்டில் டிவி சத்தமாக இருந்தால் குறைப்பார், பாட்டு ஓடினால் அணைத்துவிடுவார். சத்தம் போட்டு அவர் பேசி அவள் கேட்டதில்லை. நல்ல மனிதர், ஆனால் மூடி இறுக்கிய ஜாடி மாதிரி என்று தன் அக்காவிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த முதலாளியின் குரலை அமுக்குவதற்காகத்தான் ரேடியோவைத் திருகினாள். பாட்டு பாதியில் இருந்தது. ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். கூட ஒரு வயலின், ஒரு மத்தளம். எங்கேயோ ஓர் அரங்கில் ஆட்கள் முன்னால் பாடியதை அப்படியே பிடித்து ஒலிபரப்பியிருந்தார்கள் என்பது உடனே தெரிந்தது. யாரோ இருமினார்கள். நாற்காலி கிறீச்சிட்டது. பாடுகிறவள் ஓர் இடத்தில் மூச்சு வாங்கியதுகூடக் கேட்டது. அந்த மூச்சுதான் அவளைப் பிடித்தது. அடுத்த வரியை எடுக்க இவளுக்கும் மூச்சு வேண்டியிருப்பதுபோல இருந்தது.

பாட்டு மேலே மேலே ஏறியது. மேம்பாலத்தில் வண்டிகள் நத்தையாக நகர்ந்தன. வழக்கமாக அந்த இடத்தில் அவள் வாயில் நல்ல வார்த்தை வராது. அன்று முன்னால் நின்ற லாரி நகர்ந்ததே தெரியவில்லை. பின்னால் இருந்தவன் ஹாரனில் கையை வைத்து எடுக்காமல் அழுத்திய பிறகுதான் கியர் போட்டாள்.

அப்போது 'டங்' என்று ஒரு சத்தம். வயலினில் தந்தி அறுந்துவிட்டது. பாடுகிறவள் சட்டென்று நின்றாள். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. இனி கைதட்டிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்கள் என்று நினைத்தாள். ஆனால் மத்தளக்காரர் நிறுத்தவில்லை. என்ன நடந்தது என்று தெரியாதவர்போல அதே தாளத்தில் தனியாகப் போய்க்கொண்டே இருந்தார். முதலில் மெதுவாக, ஆட்களைச் சமாதானப்படுத்துவதுபோல. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு ஏறியது. அதற்கு அடியில், வயலின்காரர் புதுத் தந்தியை முறுக்கிச் சுருதி சேர்ப்பது 'க்ரீக், க்ரீக்' என்று கேட்டது. சேருமா? அதற்குள் மத்தளக்காரர் களைத்துவிடுவாரா? ஸ்டியரிங்கில் அவள் விரல்கள் இறுகின.

வீட்டுக்குத் திரும்ப வேண்டிய முனை வந்தது. திரும்பினால் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில்தான் வண்டியை நிறுத்த வேண்டும். அங்கே ரேடியோ எடுக்காது. அவள் திரும்பவில்லை. நேரே போய் ரவுண்டானாவைச் சுற்றினாள்.

இரண்டாவது சுற்றில்தான் அந்தக் குரல் கேட்டது.

"விடாதீங்க! விடாதீங்க!" என்று ஓர் ஆண், மைக்குக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்தவன்போல, மத்தளக்காரரைப் பார்த்துக் கத்தினான். தொடர்ந்து ஒரு சிரிப்பு. வாய்விட்டு உருண்டு வந்து, முடிவில் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்கிற சிரிப்பு. கூடவே ஒரு பெண்ணும் சிரித்தாள்.

அது அவளுடைய கணவரின் குரல். அவருடைய சிரிப்பு. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அதை அவள் நாலைந்து தடவைதான் கேட்டிருப்பாள். மகள் முதன்முதலாக நடந்து அவர் முழங்காலில் வந்து மோதியபோது அப்படித்தான் சிரித்தார். முடிவில் அப்படித்தான் மூச்சை இழுத்துக்கொண்டார்.

அவள் உடம்பு ஒரு கணம் சில்லிட்டுப் போனது. வயலின் திரும்ப உள்ளே நுழைந்தது, கொஞ்சம் பிசகி, வழுக்கி, சரியான இடத்தில் போய் உட்கார்ந்தது. அரங்கமே அதிரக் கைதட்டியது. அவளுக்கு அது எதுவும் முழுதாகக் காதில் விழவில்லை. அறிவிப்பு வரட்டும் என்று சுற்றிக்கொண்டே இருந்தாள். 'எல்' போர்டு போட்ட வண்டி ரவுண்டானாவை விட்டு வெளியே வராமல் சுற்றுவதைப் பார்த்து ஒரு டாக்ஸிக்காரர் கண்ணாடியை இறக்கி, "எந்த ரோட்டுல போறதுன்னு கத்துக் குடுக்கலையாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கடைசியில் அறிவிப்பாளர் வந்தார். அணைக்கட்டு அரங்கத்தில் சென்ற மாதக் கடைசி ஞாயிறு நடந்த கச்சேரியின் நேரடிப் பதிவு என்றார்.

சென்ற மாதக் கடைசி ஞாயிறு. அன்றைக்குத்தான் லென்ஸ் கம்பெனிக்காரர்கள் புது இயந்திரத்துக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று காலையில் கிளம்பிப் போனவர், இருட்டிய பிறகு வந்தார். சாப்பாடு வேண்டாம் என்றார். களைப்பு என்றார்.

வீட்டில் அவர் ஈரத்துண்டைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் இவ்வளவு நேரம்?"

"டிராஃபிக்." அவள் கைப்பையை வைத்தாள். "ஏங்க, நீங்க கச்சேரிக்கெல்லாம் போவீங்களா?"

"எனக்கும் கச்சேரிக்கும் என்ன சம்பந்தம்?"

"சும்மா கேட்டேன். அணைக்கட்டுப் பக்கம் போயிருக்கீங்களா?"

"இல்லையே. ஏன்?"

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்ல இந்த மனிதர் எங்கே கற்றுக்கொண்டார்?

சாப்பிட்டதும் மகளிடம் போய், ரேடியோவில் போனதைத் திரும்பக் கேட்க முடியுமா என்று விசாரித்தாள். "அவங்க ஆப்ல ஒரு வாரம் வச்சிருப்பாங்கம்மா" என்று மகள் தேடி எடுத்துக் கொடுத்தாள். "நீ எப்பலேருந்து பாட்டெல்லாம் கேக்கற?" என்றும் கேட்டாள். முகத்தைத் தூக்கி வைத்திருந்ததை அவளே மறந்துவிட்டாள்போலிருந்தது.

அவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, இயர்போனைக் காதில் மாட்டிக் கேட்டாள். துணி மடிக்கும்போது கேட்டாள். ஒவ்வொரு தடவையும் 'வேறு யாரோ' என்று முடிவு கட்டிக்கொண்டுதான் ஆரம்பிப்பாள். ஒவ்வொரு தடவையும் அந்தச் சிரிப்பு வந்து அந்த முடிவைத் தூக்கி எறிந்துவிடும். வினோதம் என்னவென்றால், மத்தளம் தனியாகப் போகிற இடம் வரும்போதெல்லாம் அவள் தன் கோபத்தை மறந்தாள். சேருமா சேராதா என்று மறுபடி மறுபடி நெஞ்சு அடித்துக்கொண்டது. இவ்வளவு நல்ல இடத்தில் இந்த மனிதர் போய் உட்கார்ந்திருக்கிறார், என்னை விட்டுவிட்டு. எது அதிகம் வலிக்கிறது, கூடச் சிரித்த பெண்ணா, அந்த இசையா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

மறுநாள் பயிற்சியில் அவள் கால் பிரேக்கின் மேல் இருந்ததே தவிர, கவனம் இல்லை. வங்கி அதிகாரி அம்மா சந்தை ரோட்டைக் கடந்து, பள்ளிக்கூட வாசலைக் கடந்து, ஒரு சைக்கிள்காரருக்கு வழி விட்டு, ஓரமாக வண்டியை நிறுத்தினார்.

"மேடம், நீங்க இன்னிக்கு ஒரு தடவைகூட பிரேக் போடலை. நான் தேறிட்டேன்ல?"

அவளுக்கு அப்போதுதான் தூக்கி வாரிப்போட்டது. "தேறிட்டீங்க" என்றாள். இதற்கு மேல் இதை வைத்துக்கொண்டு வண்டியில் உட்காரக் கூடாது, யாரையாவது கொன்றுவிடுவோம் என்று தோன்றியது.

சாயங்காலம் நேரே கண்ணாடிக் கடை முன்னால் போய் நிறுத்தினாள். அவர் ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன இந்தப் பக்கம்?"

"ஏறுங்க. போற வழிதானே."

பஸ் நிலையம் தாண்டியதும் போனை எடுத்து டாஷ்போர்டில் வைத்து ஓடவிட்டாள். அவர் கையை நீட்டினார், அணைப்பதற்கு.

"தொடாதீங்க. கேளுங்க."

அவள் குரலில் இருந்ததைக் கேட்டு அவர் கையை எடுத்துக்கொண்டார். தந்தி அறுந்தது. மத்தளம் தனியாகக் கிளம்பியது. அவள் ரோட்டைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்தாள். "விடாதீங்க! விடாதீங்க!" என்று அந்தக் குரல் கத்தியது. சிரித்தது.

அவர் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டார். "வண்டிய ஓரமா நிறுத்து."

நிறுத்தினாள். "இப்ப சொல்லுங்க. எனக்கும் கச்சேரிக்கும் என்ன சம்பந்தம்னீங்களே. யார் கூடப் போனீங்க?"

"இன்னொரு தடவை போடு."

"முதல்ல பதில் சொல்லுங்க."

"போடும்மா." அந்தச் சொல் கெஞ்சலாக வந்தது. அவர் கெஞ்சி அவள் கேட்டதில்லை. போட்டாள். அவர் குனிந்து போனுக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டார். சிரிப்பு முடிந்ததும் நிமிர்ந்து, முன் கண்ணாடி வழியாக எங்கேயோ பார்த்தார்.

"இது நான் இல்ல."

"உங்க குரல் எனக்குத் தெரியாதா?"

"சின்னவன்."

அவளுக்கு உடனே பிடிபடவில்லை. சின்னவன் என்பது அவருடைய தம்பி. இவர்கள் கல்யாணத்துக்கு முன்பே வீட்டை விட்டுப் போனவன். அவள் பார்த்ததெல்லாம் ஒரே ஒரு போட்டோ, காதை மறைக்கிற முடியோடு. கடையில் அண்ணனுக்கு உதவியாக இருந்தவன் ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்தில் வெளியே போனான், திரும்பி வரவில்லை. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. போலீஸ், ஆஸ்பத்திரி, சவக்கிடங்கு வரைக்கும் இவர் அலைந்திருக்கிறார். அம்மா கடைசிவரை வாசல் விளக்கை அணைக்க விடவில்லை. அந்த அம்மா இறந்துபோய்ப் பல வருஷம் ஆகிறது. அதன் பிறகு வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுத்ததில்லை.

"ரெண்டு பேருக்கும் ஒரே குரல்" என்றார் அவர். "அடுத்த ரூம்லேருந்து பேசினா எங்க அம்மாவுக்கே தெரியாது. எப்பப் பாத்தாலும் ரேடியோவக் காதுல வச்சுக்கிட்டு, கூடவே கத்திக்கிட்டு..." முடிக்கவில்லை. உள்ளங்கைகளைத் தொடையில் தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார். "இது எப்ப நடந்த கச்சேரி?"

"போன மாசம்."

"அப்ப இருக்கான்."

அவள் இஞ்சினை அணைத்தாள். நேற்றிலிருந்து மனசில் கட்டி வைத்திருந்த வழக்கு அப்படியே சரிந்துவிட்டது. அவளுக்கு வெட்கமாகவும் நிம்மதியாகவும் இருந்தது. ஆனால் அவரைப் பார்க்கையில் அந்த நிம்மதியும் நிற்கவில்லை.

அந்த வாரம் முழுவதும் அவர் ஓர் இடத்தில் உட்காரவில்லை. பால்கனிக்குப் போவார், வருவார். ஒருவருக்கு வலது லென்ஸை இடப்பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டார், அந்த ஆள் மறுநாள் தலைசுற்றலோடு வந்து நின்றார். "போய்ப் பாத்துட்டு வந்துடலாங்க" என்று அவள் சொன்னால், "எதுக்கு? இருக்கான்ல, அது போதும்" என்பார். சற்று நேரம் கழித்து, "அந்த அரங்கத்துக்கு எந்த வழியாப் போகணும்?" என்பார். "அம்மா செத்ததுக்கு வராதவன் மூஞ்சில நான் எதுக்கு முழிக்கணும்" என்பார். மகள் நடுவில் மாட்டிக்கொண்டு, "அப்பா, ஒண்ணு போங்க, இல்லாட்டி உக்காருங்க. என்னால படிக்க முடியல" என்று கத்திய பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை போவதென்று முடிவானது. மகள் படிக்க வேண்டும் என்று தோழி வீட்டுக்குப் போய்விட்டாள்.

வழியெல்லாம் அவர் திருப்பச் சொன்னார். முதல் டீக்கடையில் நிறுத்தச் சொல்லி, டீயைக் குடிக்காமல், "வேணாம், திரும்பிடலாம்" என்றார். பெட்ரோல் பங்கில் இன்னொரு தடவை. அணையின் சுவர் தூரத்தில் தெரிந்தபோது மூன்றாவது தடவை.

"நான் ஓட்டறேன். ஓட்டறவங்க சொல்றதுதான் வண்டியில சட்டம்" என்றாள் அவள்.

அரங்கம் ஒரு பெரிய கிடங்குபோல இருந்தது, தகரக் கூரையும் அகலமான படிகளுமாக. மதியம் ஏதோ நாட்டிய நிகழ்ச்சி. வாசலில் ஒரு பெண்மணி ஈரத் துடைப்பத்தால் படியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இவள் போனில் அந்தச் சிரிப்பு வருகிற இடத்தைப் போட்டுக் காட்டினாள். "இந்தக் கச்சேரில சத்தம் போட்டவர் யாருன்னு தெரியுமா?"

துடைக்கிறவள் கேட்டுவிட்டுக் கலகலவென்று சிரித்தாள். "அட, நம்ம வயரு! மைக்கு, வயரு எல்லாம் அவர்தான் பாக்கறாரு. மைக்கு பக்கத்துலயே உக்காந்துக்கிட்டுக் கத்திட்டாரு. ரேடியோக்காரங்க வந்து அப்படி ஏசினாங்க. கூடச் சிரிச்சது நான்தான். என்னையும் சேத்துத்தான் ஏசினாங்க."

இத்தனை நாளாக மனசுக்குள் எத்தனையோ முகம் கொடுத்துப் பார்த்த பெண் இவள்தானா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தாள். கணவர் சிரிக்கவில்லை. உள்ளே போகவும் இல்லை. அவர் முழங்கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள்.

உள்ளே இருட்டாக இருந்தது. மேடையில் மட்டும் ஒரு விளக்கு. வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். பாதி தூரம் போயிருப்பார்கள், திடீரென்று நாலு மூலையிலிருந்தும் அவர் குரல் கேட்டது. "ஒண்ணு, ரெண்டு. ஹலோ. ஒண்ணு, ரெண்டு, கேக்குதா?"

அவள் பக்கத்தில் அவர் வாயை மூடி நின்றுகொண்டிருந்தார். அவருடைய குரல் அரங்கம் முழுக்க நிரம்பியிருந்தது.

மேடை ஓரத்திலிருந்து மைக்கோடு ஓர் ஆள் வெளியே வந்தான். கழுத்தில் வயர் சுருள். முன்வழுக்கை. போட்டோவில் பார்த்த முடி எங்கே போனதோ. இருட்டில் நிற்கிற இருவரையும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

"ஷோவுக்கு இன்னும் நேரம் இருக்குங்க. வெளிய உக்காருங்க" என்று ஸ்பீக்கர்கள் சொல்லின.

"சின்னவனே" என்றார் அவர்.

மைக்கைப் பிடித்திருந்த கை கீழே இறங்கியது. ஸ்பீக்கரில் 'கீ' என்று ஒரு கூச்சல். தம்பி குனிந்து எதையோ அணைத்தான். மேடையிலிருந்து இறங்கி வந்து, நான்கு நாற்காலி தள்ளி நின்றுகொண்டான்.

"வாங்கண்ணா" என்றான். வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கூப்பிடுவதுபோல. பிறகு, "சாப்டீங்களா?" என்றான்.

"அம்மா போயிட்டாங்க."

"தெரியும்."

"தெரியுமா?"

"வந்தேன். தெரு முனை வரைக்கும் வந்தேன். நீங்க வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தீங்க, வர்றவங்ககிட்டப் பேசிக்கிட்டு. என்னால தாண்டி வர முடியல."

தன் கணவர் சத்தம் போடுவதை அவள் முதல்முறையாக அப்போதுதான் கேட்டாள். "தெரு முனையா! தெரு முனை வரைக்கும் வந்தவனால இன்னும் பத்து வீடு தாண்ட முடியலயா? எத்தன பொணத்தோட துணிய விலக்கிப் பாத்திருக்கேன் தெரியுமாடா? உன்னோட மூஞ்சியா இருக்கக் கூடாதுன்னு ஒவ்வொண்ணையும் விலக்கினேன்டா!" குரல் தகரக் கூரையில் மோதித் திரும்பி வந்தது. துடைப்பத்தோடு அந்தப் பெண்மணி வாசலில் எட்டிப் பார்த்தாள், பார்த்துவிட்டு மறைந்துகொண்டாள்.

தம்பி தலையைக் குனியவில்லை. அடி வாங்குகிறவன்போல நேராக நின்று எல்லாவற்றையும் கேட்டான். அவர் திரும்பி விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். கார்க் கதவு அறைந்து சாத்தப்படுகிற சத்தம் கேட்டது.

அவளும் தம்பியும் நின்றார்கள்.

"நீங்க அண்ணியா?"

"ஆமா. ஏன் போனீங்க?"

அவன் வயர் சுருளைக் கழுத்திலிருந்து கழற்றி நாற்காலியில் வைத்தான். "இதைத்தான் எல்லாரும் கேப்பாங்கன்னு வரலை, அண்ணி. காரணம் இருந்தா வந்திருப்பேன். சாப்பிடத்தான் வெளிய வந்தேன். ஒரு பஸ் நின்னுது, ஏறிட்டேன். சும்மா ஒரு சுத்து சுத்திட்டு ரெண்டு நாள்ல வந்துடலாம்னு. ரெண்டு நாள் ஆச்சு. வந்து என்ன சொல்றதுன்னு தெரியலை. ஒரு மாசம் ஆனப்ப சுத்தமாத் தெரியலை. அப்புறம் வருஷமாப் போச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். கேவலமாத்தான் இருக்கு."

அவளுக்குக் கோபம் வந்தது. கூடவே, ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டே இருந்த அந்த மாலையும் நினைவுக்கு வந்தது. திரும்ப வேண்டிய முனையைத் தாண்டிப்போவது எவ்வளவு சுலபமாக இருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை. "உங்க அண்ணனுக்குத் தண்ணி வேணும். நீங்களே கொண்டுபோய்க் குடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவன் ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு போனான். அவள் வாசலிலிருந்து பார்த்தாள். கார்க் கண்ணாடி வெகு நேரம் இறங்கவில்லை. அவன் பாட்டிலோடு வெயிலில் நின்றான். கடைசியில் கண்ணாடி பாதி இறங்கியது. ஒரு கை வந்து பாட்டிலை வாங்கிக்கொண்டது. என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பேசினார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

நிகழ்ச்சி முடிகிறவரை இருந்தார்கள். அவர் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்று தடவை எழுந்து வெளியே போனார், மூன்று தடவையும் வந்து உட்கார்ந்தார். மேடையில் சலங்கை கட்டிய பெண்கள் ஆடினார்கள். அவர் அவர்களைப் பார்க்கவே இல்லை. மேடை ஓரத்து மேசையில் பொத்தான்களைத் திருகிக்கொண்டிருந்தவனையே பார்த்தார். "தலையப் பின்னால இழுத்துக்கிட்டுப் பட்டனைப் பாக்கறான் பாரு" என்று அவள் காதில் முணுமுணுத்தார். "கிட்டப் பார்வை போயிடுச்சு. கண்ணாடி போடாமத் திரியறான், முட்டாள்."

வெளியே வந்தபோது வெயில் தணிந்திருந்தது. தம்பி ஒரு டயர் கடையின் மாடியில் குடியிருந்தான். அவனை அங்கே இறக்கிவிட்டார்கள். "மேல வாங்களேன்" என்றான், வர மாட்டார்கள் என்று நிச்சயம் தெரிந்த குரலில். அவர் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். இரும்புப் படிகளில் இருவரும் ஏறிப்போவதை அவள் காரிலிருந்தே பார்த்தாள். ஒருவருக்குப் பின் ஒருவராக, ஒரே மாதிரி இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

அவள் காத்திருந்தாள். டயர் கடைக்காரர் வந்து, வாசலை மறைக்காமல் வண்டியை எடுக்கச் சொன்னார். எடுத்து எதிர்ப்பக்கம் போட்டாள். மகள் போன் செய்து, "சித்தப்பா எப்படி இருக்காரு? அப்பா மாதிரியா?" என்று கேட்டாள். "வழுக்கை" என்றாள் இவள். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

வெகு நேரம் கழித்து அவர் தனியாக இறங்கி வந்தார். ஜன்னலில் குனிந்தார்.

"நீ கிளம்பு. நான் நாளைக்கு பஸ்ல வர்றேன்."

"கடை?"

"பூட்டிக் கிடக்கட்டும்."

ஒருநாள்கூடக் கடையைப் பூட்டாத மனிதர். முகம் வீங்கியிருந்தது. அவள் வண்டியைக் கிளப்பினாள். மலைச்சாலையில் தனியாக ஓட்டிக்கொண்டு வந்தபோதுதான் பயம் பிடித்துக்கொண்டது. ஒரே குரல், ஒரே சிரிப்பு. ஒருவன் சாப்பிடப் போய்த் திரும்பாதவன். இவரும் அப்படி ஏதாவது பஸ்ஸில் ஏறிவிட்டால்? அசட்டுத்தனம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டியும் பயம் போகவில்லை. வழியில் இரண்டு தடவை போன் செய்தாள். முதல் தடவை அவர் எடுக்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்து, "பேசிட்டு இருக்கோம்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் வந்து சேர்ந்தார். தாடி முளைத்திருந்தது. சட்டை அவருடையது இல்லை. மகள் ஓடிப்போய்க் கதவைத் திறந்து, அவர் பின்னால் எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொல்லியிருக்கான்" என்றார்.

"நம்பறீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"இல்ல." செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தண்ணீரைக் குடித்தார். "அதனாலதான் நானே போய்க் கூட்டிட்டு வரப் போறேன். அன்னிக்கு உனக்கு கிளாஸ் இருக்கா?"

"இருக்கு. மாத்திக்கறேன்" என்றாள் அவள்.